மட்டையா, தூக்கமா?

என் வரைபடத்தில் அந்தத் தெரு முழுக்கச் சிவப்பு.

போன மாதம், எங்கள் பகுதி சுகாதார மையத்தில் வாராந்திரக் கூட்டம். லேப்டாப்பை டாக்டர் மேடம் பக்கம் திருப்பி வைத்தேன். அவ்வளவு பெருமை. தொண்டர்களாகச் சேர்ந்த மற்றவர்கள் ஆளுக்கு ஒன்றிரண்டு புள்ளிகளோடு வந்திருந்தார்கள். நான் ஒரு தெருவையே கொண்டுவந்திருந்தேன்.

"என்னம்மா இது, அம்மை போட்ட மாதிரி இருக்கு?" என்றார் டாக்டர்.

"ஓவர்டோஸ் மேடம். வீட்டுக்கு வீடு. நிறைய வீட்ல தினமும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. உடனே யாருக்கோ போன் செய்தார். நான் மனதுக்குள் பேட்டி கொடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் ஆர்வங்களின் ஆயுள் தெரியும். மாடித் தோட்டம் போட்டேன்; ஒரே ஒரு கத்திரிக்காய் காய்த்தது, அதையும் அணில் தின்றது. எண்ணூர் கழிமுகத்தில் பறவை பார்க்கப் போனேன். பைனாகுலரில் புகைபோக்கிதான் தெரிந்தது. ஆகவே, போதை மாத்திரையால் சாகிறவர்களைக் காப்பாற்றப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்தபோது, எத்தனை நாளைக்கு என்று மட்டும் கேட்டார் அம்மா.

நியாயமான கேள்வி. ஆனால் இந்த முறை நானாகத் தேடிப் போகவில்லை. வள்ளிக்கா கேட்டார்.

வள்ளிக்கா எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் கூடையில் மீன் விற்பவர். வீடு, திருவொற்றியூர் பக்கம் ஒரு கடலோரக் குப்பத்தில். எந்தக் குப்பம் என்று எழுதக் கூடாது என்பது அவருடைய உத்தரவு. பெயர்களை நானே மாற்றியிருக்கிறேன். அப்பா, அம்மா இல்லை. அவர் தூக்கி வளர்த்த ஒரே தம்பி, தேசிங்கு. என் வயதுதான். லாஞ்சில், அதாவது விசைப்படகில், மீன்பிடித் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தவன். வலை இழுத்து இழுத்துத் தோள்பட்டை போனது. வலிக்கு மாத்திரை. வலி போன பிறகும் மாத்திரை. அப்புறம், அதே மாத்திரை ஊசி வழியாக.

போன மழைக்காலத்தில் தேசிங்குவின் தோஸ்து ஒருவன் செத்துப்போனான். தூக்கத்திலேயே போய்விட்டான் என்றார்கள். மாரடைப்பு என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். மாரடைப்பு வருகிற வயதா அது? யாரும் கேட்கவில்லை.

அந்த வாரம் வள்ளிக்கா எங்கள் வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "அடுத்து இவன்தான் பாப்பா. எனுக்குத் தெரியும். நீ நாலு எழுத்து படிச்சிகீற... இன்னா பண்ணலாம்னு சொல்லு."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. படித்தவர்களுக்கு ஒன்றும் தெரியாதபோது என்ன செய்வார்கள்? ஒரு குழுவில் சேர்வார்கள். சேர்ந்தேன்.

சுகாதார மையத்தில் அப்போதுதான் அந்தக் குழுவை ஆரம்பித்திருந்தார்கள். இந்தச் சாவுகள் மாரடைப்பு, மஞ்சள் காமாலை, "தூக்கத்திலேயே" என்று பல பெயர்களில் மறைந்துகொள்கின்றன. செத்தவர்களையாவது ஊர் எண்ணும். செத்துப் பிழைத்தவர்களை யாரும் எண்ணுவதில்லை. எந்தத் தெருவில் விழுகிறார்கள் என்று தெரிந்தால்தானே, அடுத்தவன் விழுவதற்குள் அங்கே போய் நிற்க முடியும்? வீடு வீடாகக் கேட்டு, வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். இதுதான் வேலை.

கேட்க வேண்டிய கேள்வியை டாக்டர் கொடுத்திருந்தார். "தங்கள் இல்லத்தில் எவருக்கேனும் மிகை அளவு மருந்து உட்கொண்டதால் பாதிப்பு நேர்ந்துள்ளதா?" படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. குப்பத்தில் போய் "எவருக்கேனும்" என்றால் யார் கதவைத் திறப்பார்கள்? நானோ மக்களின் மொழி தெரிந்தவள். வடசென்னைக்காரி. தூக்கிப் போட்டேன் அதை. என் போனில் நானே எளிமையாக ஒரு கேள்வி எழுதிக்கொண்டேன்.

"உங்க வூட்ல யாருக்காச்சும் ஓவர்டோஸ் ஆகியிருக்கா?"

வள்ளிக்காவின் குப்பத்துத் தெருவில் கதவுகள் திறந்தன. சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்கள். "அதுக்கு இன்னா கொறச்சல்" என்றார்கள். டீ கொடுத்தார்கள். இவ்வளவு பெரிய துயரத்தை எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள் பாருங்கள் என்று போனில் குறித்துக்கொண்டேன். என் முகராசியால்தான் மனம் திறக்கிறார்கள் என்றும் தோன்றியது. வள்ளிக்கா மட்டும், "எங்க வூட்ல அதெல்லாம் இல்ல பாப்பா" என்றார். மறைக்கிறார், பாவம்... பெருந்தன்மையோடு விட்டுவிட்டேன். அந்த வீடு மட்டும் வரைபடத்தில் வெள்ளை.

ஆக, சிவப்புத் தெருவுக்கு அவசர முகாம். குப்பத்து ஹாலில் பாய் விரித்து, பெண்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன். டாக்டர் குரலைத் தாழ்த்தி, மிகுந்த கரிசனத்தோடு, யார் யார் வீட்டில் தினமும் ஓவர்டோஸ் என்று கேட்டார். ஏகப்பட்ட கைகள்.

முன்வரிசையில் இருந்தவர் குப்பம்மா. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலை. குரல் அதற்கேற்ற மாதிரி. காலையில் ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி என்றார்.

"யாருக்கும்மா?" டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டார்.

"எனுக்குத்தான்."

"யார் குடுக்கறாங்க?"

"வேற யாரு, எங்க மாமியா. வாயத் தொறந்தா டோஸுதான். நானும் வுடமாட்டேன் டாக்டரம்மா. திருப்பி ஓவரா குடுப்பேன்."

பேனா நின்றது. டாக்டர் மெதுவாக, மிக மெதுவாக, என் பக்கம் திரும்பினார்.

டோஸ் விடுவது என்றால் திட்டுவது. இது எனக்குத் தெரியாதா? அம்மாவிடம் வாங்கியே வளர்ந்தவள் நான். போன வாரம்கூட, ஸ்கூட்டர் சாவியைத் தொலைத்ததற்கு வாங்கினேன். ஆனால் கேள்வி எழுதும்போது மட்டும் அந்த மூளை லீவில் போயிருந்தது. ஒரு தெருவின் மாமியார் மருமகள் சண்டைகளை அக்கறையோடு சேகரித்து, கலர் கொடுத்து, அரசாங்க லேப்டாப்பில் ஏற்றியிருக்கிறேன்.

விஷயம் புரிந்ததும் ஹாலே குலுங்கியது. குப்பம்மா பக்கத்துப் பெண்ணின் தோளில் சாய்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். அன்றிலிருந்து குப்பத்தில் என் பெயர் "மேப்பு". மேப்பு வந்துடுச்சி, திட்றத நிறுத்துங்கடி, புள்ளி வெச்சிடும்... இப்படி.

கதவோரம் உட்கார்ந்திருந்த வள்ளிக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் வீட்டில் டோஸ் கிடையாது. தம்பியைத் திட்டினால் வீட்டை விட்டுப் போய்விடுவானோ என்று திட்டவே மாட்டார். அதனால்தான் அங்கே வெள்ளை. எந்த வீட்டுக்காக நான் இந்த வேலையில் இறங்கினேனோ, அந்த ஒரு வீட்டைச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தது என் வரைபடம்.

டாக்டர் மறுபடி தொடங்கினார். மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு, எழுப்பினால் எழுந்திருக்காமல், கொறட்டை மட்டும் விட்டுக்கொண்டு யாராவது...

"மட்டையா?" என்றார் வள்ளிக்கா. "மட்டையாவுறத கேக்குறீங்களா?"

மட்டை. குடித்தோ, போட்டோ, நினைவில்லாமல் கிடப்பவன் மட்டை. இந்தச் சொல் தெரியாத ஆள் வடசென்னையில் உண்டா? மட்டையானவனை எழுப்பக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். எழுப்பினால் சண்டை. ஃபேனைப் போட்டு, கதவைச் சாத்தி, பிள்ளைகளை வெளியே துரத்திவிட்டால் சாயங்காலம் தானாக எழுந்து சோறு கேட்பான். அப்படித்தான் நம்பியிருந்தார்கள். அதில் அன்பும் இருந்தது.

"கொறட்டை வுட்டான்னா எனுக்கு நிம்மதி" என்றார் வள்ளிக்கா. "தூங்குறான்னு கதவ சாத்திகினு வியாபாரத்துக்குப் பூடுவேன்."

"அது தூக்கம் இல்லம்மா" என்றார் டாக்டர். "மூச்சு தொண்டையில மாட்டிக்கிட்டு இழுக்கிற சத்தம். அந்தச் சத்தம் எப்ப நிக்குதோ..."

அவர் முடிக்கவில்லை. ஹாலில் சிரிப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை. பின்வரிசையில், மழைக்காலத்தில் செத்துப்போன அந்தத் தோஸ்தின் அம்மா யாரையும் பார்க்காமல் சொன்னார்: "அன்னிக்கும் கொறட்டை வுட்டுகினுதான் இருந்தான்."



பிறகு வள்ளிக்காதான் கேட்டார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் கூடவே போலீஸும் வருமே, தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால்? எல்லோர் மனதிலும் இருந்த கேள்வி அதுதான். அதற்குப் பயந்துதான் கதவுகள் சாத்தப்பட்டன. டாக்டர் பொய் சொல்லவில்லை. "ஆஸ்பத்திரியில எழுதிக்குவாங்க. போலீஸ் வந்து கேக்கலாம், கேக்காமலும் போகலாம். ஆனா மூச்சு நின்னவன்கிட்ட யாராலயும் எதுவும் கேக்க முடியாதும்மா."

வள்ளிக்கா முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்து பயிற்சி. பயிற்சிக்கென்று ஒரு பொம்மை வர வேண்டும், வரவில்லை. பொம்மை இல்லாத இடத்தில் முதலில் ஞாபகம் வருவது யார்? பாயில் படுத்தேன். பெயர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட வேண்டும். காதோரம் கத்த வேண்டும். அசையவில்லை என்றால் முஷ்டியை மடக்கி, நெஞ்செலும்பில் விரல் மூட்டுகளால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அப்போதும் கண் திறக்கவில்லை என்றால் உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, மூச்சு ஓடினால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்; மூச்சு நின்றாலோ, விட்டு விட்டு வந்தாலோ, மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும்.

கத்துவதில் அந்த ஹாலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தேய்ப்பதுதான் பிரச்சினை. ஐஸ் உடைக்கிற கை என் நெஞ்சில் இறங்கியபோது, "அக்கா, போதும்" என்றேன்.

"மட்டை பேசக் கூடாது" என்றார் குப்பம்மா. தொடர்ந்து தேய்த்தார்.

வள்ளிக்காவின் முறை வந்தபோது மட்டும் யாரும் கேலி பேசவில்லை. என் தாடையை நிமிர்த்தியவருடைய கை ஜில்லென்று இருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டு அவர் வேறு ஒருவனைப் பார்க்கிறார் என்பது, கண்ணை மூடிக்கொண்டிருந்த எனக்கே தெரிந்தது.

அடுத்த நாளிலிருந்து மறுபடி வீடு வீடாக. இந்த முறை கேள்வி வேறு: யாராவது மட்டையாகி, எழுப்பியும் எழுந்திருக்காமல் போனதுண்டா? இப்போது டீ வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. சிலர் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, உள்ளே பார்த்துவிட்டு, ரகசியமாகச் சொன்னார்கள். சிவப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. ஆனால் இந்தச் சிவப்பு உண்மை. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, குப்பத்திலேயே வாரம் ஒரு நாள் சிகிச்சை முகாம் போட ஏற்பாடு செய்தார். என்னைப் பாராட்டவில்லை. திட்டவும் இல்லை. அது இன்னும் மோசம்.

அத்தோடு நான் அடங்கியிருக்கலாம். அடங்குவேனா? குப்பம் முழுக்க என் நம்பரைக் கொடுத்தேன். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், ஒரே ரிங்கில் எடுப்பேன் என்று அறிவித்தேன். உலகத்துக்கும் சொல்லிவிடலாம் என்று, போன வாரம் ஒரு காலை, மொட்டை மாடியில் போனை ஸ்டாண்டில் மாட்டி லைவ் போட்டேன். தலைப்பு: "ஓவர்டோஸ் — அந்த முதல் நிமிடங்கள்".

நெஞ்செலும்பு வரைக்கும் வந்திருப்பேன். வள்ளிக்காவிடமிருந்து போன். கட் செய்தேன். மறுபடி வந்தது. மறுபடி கட் செய்துவிட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்து, "மீன்கார அக்கா... இன்னிக்கு வஞ்சிரம் வந்திருக்கும் போல" என்றேன். ஹார்ட்டுகள் பறந்தன.

லைவ் முடிந்ததும் பார்த்தால், வாட்ஸாப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். எனக்காகப் பேசியதுகூட இல்லை. கை பட்டுப் பதிவாகியிருக்கிறது. "தேசிங்கு... டேய் தேசிங்கு... நைனா, கண்ணத் தொறடா..." அப்புறம் யாரிடமோ: "பாப்பா போன எடுக்கல. நீ ஆம்புலன்ஸுக்குப் போடு குப்பம்மா. போலீஸ் வந்தா வரட்டும்."

மாடிப்படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஸ்கூட்டர் சாவியைக் காணவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து, பாதி வழியில் குப்பத்துக்குப் போவதா, ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று தெரியாமல் இறங்கி, மறுபடி வேறு ஆட்டோ ஏறி... அதையெல்லாம் விடுங்கள். முதல் நிமிடங்களைப் பற்றி நான் உலகத்துக்கு வகுப்பெடுத்து முடித்தபோது, முதல் நிமிடங்கள் முடிந்துபோயிருந்தன.

ஆஸ்பத்திரி வராந்தாவில், சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார் வள்ளிக்கா. கையில் மீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. வியாபாரத்துக்குக் கிளம்பியவர், கதவைச் சாத்தப் போகும்போது கொறட்டையைக் கேட்டு நின்றிருக்கிறார். முன்பெல்லாம் நிம்மதி தந்த அதே சத்தம். கூடையை இறக்கிவைத்துவிட்டு உள்ளே போனார். கூப்பிட்டார், கத்தினார், நெஞ்சில் தேய்த்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. கொறட்டையும் நின்றது. அப்புறம், தாடையை நிமிர்த்தி ஊதினார். நெஞ்சு ஏறியது. ஊதிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து தோளைத் தொட்டு விலக்கும்வரை நிறுத்தவில்லை. இங்கே கொண்டுவந்து ஊசி போட்டு, இப்போது கண் திறந்துவிட்டான். உள்ளே படுத்திருக்கிறான்.

போலீஸ்காரர் ஒருவர் வந்து பெயரும் விலாசமும் கேட்டுக்கொண்டு போயிருந்தார். வள்ளிக்கா நிஜ விலாசத்தையே சொல்லியிருந்தார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் திரும்பவில்லை.

"போன எடுக்கல நீ."

"லைவ்ல இருந்தேன்கா."

"லைவுன்னா?"

"இந்த மாதிரி ஆனா என்ன பண்ணணும்னு சொல்லிக் குடுத்துட்டிருந்தேன்."

"யாராண்ட?"

யாரிடம்? என் சித்தி பையன். கல்லூரித் தோழிகள் சிலர். துபாயில் இருக்கும் ஒருவர், எல்லா வீடியோவுக்கும் "சூப்பர் சிஸ்டர்" போடுபவர். இதை எப்படிச் சொல்வது? அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உதறவில்லை, அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி வாங்கிகினு வா" என்றார். அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

தேசிங்கு இப்போது வீட்டில் இருக்கிறான். முகாமுக்கு வருகிறான், டாக்டர் கொடுக்கும் மருந்தைச் சாப்பிடுகிறான். திருந்திவிட்டான் என்று எழுதி உங்களைச் சந்தோஷப்படுத்த ஆசைதான். ஆனால் நேற்றைக்குச் சரியாக இருந்தான் என்பது வரைதான் எனக்குத் தெரியும். நாளைக்கு என்ன என்பது வள்ளிக்காவுக்கும் தெரியாது.

குப்பத்தில்தான் இப்போது புதுப் பிரச்சினை. ராத்திரி முழுக்கக் கடலில் இருந்துவிட்டு, விடிந்து கரையேறி, பகலில் தூங்குகிற ஊர் அது. இப்போது எவனும் கண்ணை மூட முடியவில்லை. கொறட்டை கேட்டால் போதும், பெண்டாட்டி ஒரு பக்கம், எதிர்வீட்டுக்காரி ஒரு பக்கம், மட்டையா தூக்கமா என்று முஷ்டியை மடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அசந்து படுத்த ஒரு லாஞ்சு டிரைவரின் நெஞ்சில் குப்பம்மா பயிற்சி எடுத்திருக்கிறார். எழுப்பினால் எழுகிறவனை விட்டுவிடுங்கள், மூச்சு சீராக வந்தால் பயமில்லை என்று நானும் டாக்டரும் போய் விளக்கிவிட்டு வந்தோம். தலையாட்டினார்கள். அன்று சாயங்காலமே இன்னொருவருக்கு நெஞ்சு சிவந்தது.

நேற்று மத்தியானம் ஒரு போன். தெரியாத நம்பர். ஒரே ரிங்கில் எடுத்தேன். இப்போதெல்லாம் அப்படித்தான், கிரெடிட் கார்டு விற்பவர்கள்கூட மிரண்டுபோகிறார்கள். எதிர்முனையில் தேசிங்கு. என்னிடம் அவன் பேசுவது இதுதான் முதல் முறை. நன்றி சொல்வான் போல என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"மேடம், பேஜாராகீது" என்றான். "சித்த நேரம் படுக்க முடியல. கண்ண மூடுனா வந்து உலுக்குது. நீங்கதான் கத்துக் குடுத்தீங்களாமே... எங்க அக்காவாண்ட சொல்லுங்க. மூச்சு வுட்டுகினுதான் கீறேன்."

சொல்லவில்லை. மூச்சு ஓடுகிறதா என்று வள்ளிக்காவே எழுப்பிப் பார்த்துக்கொள்ளட்டும்.